பாயின்ட் பூட்டு

ரயில் தடம் இரண்டாகப் பிரியும் இடத்தில் அசையும் நாக்குத் தண்டவாளங்களை, வண்டியின் கடைசிச் சக்கரம் கடந்து முடியும்வரை ஒரே நிலையில் பிடித்து வைக்கும் அமைப்பு பாயின்ட் பூட்டு. ரயில்வேக்காரர்கள் 'பாயின்ட் லாக்' என்பார்கள். வண்டியின் எடையிலும் அதிர்விலும் நாக்கு நகராமல் பார்ப்பது இதன் முதல் வேலை. நாக்கு சரியாக ஒட்டவில்லை என்றால் சிக்னல் பச்சையாகாமல் தடுப்பது இரண்டாவது வேலை. இரண்டாவதுதான் பெரிய வேலை என்பதை ரயில் உலகம் விபத்து விபத்தாகவே கற்றுக்கொண்டது.

சென்னைக்கு மேற்கே உள்ள சென்னீர்குப்பத்தில் ரயில் நிலையம் கிடையாது. ஆவடி–பூந்தமல்லி சாலையில் இருக்கும் இந்த ஊர்க்காரர்கள் மின்சார ரயிலைப் பிடிக்க வடக்கே ஆவடிக்குத்தான் போக வேண்டும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போனது அந்த ஆவடி வழியாகத்தான். இன்று அதே தடத்தில் விரைவு வண்டி, புறநகர் மின்சார ரயில், சரக்கு வண்டி எல்லாம் ஓடுகின்றன. அண்ணனூர் பணிமனைக்குப் போகும் காலி ரேக்குகளும், பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் பக்கம் திரும்பும் வண்டிகளும் கூடவே உண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பாயின்ட். ஒவ்வொரு பாயின்ட்டிலும் ஒரு பூட்டு.

நாக்கும் சக்கரமும்

பாயின்ட்டில் நகராமல் நிற்கும் இரண்டு வெளித் தண்டவாளங்களுக்கு ஸ்டாக் ரெயில் என்று பெயர். அவற்றின் உட்பக்கத்தில், நுனி மெல்லியதாகச் சீவப்பட்ட இரண்டு நாக்குகள், அதாவது டங் ரெயில்கள், இருக்கும். ஒரு நாக்கு தன் ஸ்டாக் ரெயிலோடு ஒட்டும்போது மற்றது விலகும். விலகும் தூரம் வழக்கமான அகலப்பாதை பாயின்ட்டில் 115 மில்லிமீட்டர். தடித்த நாக்குள்ள புதிய வகையில் 160 மில்லிமீட்டர். சக்கரத்தின் உள்விளிம்பு அந்தச் சந்தில் புகுந்து போகும்.

நாக்கின் நுனியை நோக்கி வண்டி வந்தால் அது 'ஃபேசிங் பாயின்ட்'. இரண்டு தடங்கள் ஒன்றாகும் திசையில் வந்தால் 'டிரெய்லிங் பாயின்ட்'. டிரெய்லிங்கில் நாக்கு தவறாக இருந்தாலும் சக்கரமே அதைத் தள்ளித் திறந்துகொண்டு போய்விடும். கருவி நொறுங்கும், பெரும்பாலும் உயிர் தப்பும். ஃபேசிங்கில் அந்த மன்னிப்பு இல்லை. ஒட்டியிருக்க வேண்டிய நாக்கு சற்று வாய் திறந்திருந்தால் சக்கர விளிம்பு அதற்குள் ஆப்பு மாதிரி இறங்கும். வண்டி நடுவில் இருக்கும்போது நாக்கு புரண்டால் இன்னும் மோசம்: முன் சக்கரங்கள் ஒரு தடத்திலும் பின் சக்கரங்கள் அடுத்த தடத்திலும் போக, பெட்டி குறுக்கே திரும்பிக்கொள்ளும்.

பிரிட்டனின் பழைய பொறியாளர்கள் இரட்டைத் தடங்களில் ஃபேசிங் பாயின்ட்டைக் கூடியவரை தவிர்த்தார்கள். சரக்கு வண்டியை முன்னே விட்டு, பின்னோக்கித் தள்ளி, ஒதுக்குத் தடமான சைடிங்கில் ஏற்றுவது அவர்கள் வழக்கம். இந்தியாவின் ஒற்றைத் தடங்களில் அந்தச் சொகுசு கிடையாது. எதிரெதிர் வண்டிகள் ஒன்றையொன்று கடக்கும் நிலையம் என்றாலே, இரு முனையிலும் உள்ளே வரும் வண்டியின் முகத்துக்கு நேராக ஒரு பாயின்ட் இருந்தே தீரும். பூட்டு இங்கே முதலிலிருந்தே கட்டாயத் தேவை.

நீல லீவர்

1873 ஆகஸ்டில் இங்கிலாந்தின் விகன் நிலையத்தை வேகமாகக் கடந்த இரவு வண்டி ஒன்று ஃபேசிங் பாயின்ட்டில் தடம் புரண்டு 13 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே ஃபேசிங் பாயின்ட் பூட்டு வேகமாகப் பரவியது. 1889 ஜூனில் அயர்லாந்தின் அர்மா விபத்தில் 80 பேர் இறந்தனர். அந்த விபத்துக்கு வேறு காரணம். ஆனால் அதே ஆண்டு பிறந்த சட்டம் பாயின்ட்டையும் சிக்னலையும் ஒன்றோடொன்று பிணைப்பதைக் கட்டாயமாக்கியது. இன்டர்லாக்கிங் என்று இன்று நாம் சொல்வது அந்தப் பிணைப்பைத்தான்.

அந்தக் காலத்துப் பூட்டு எளிமையானது. இரண்டு நாக்குகளையும் இணைக்கும் குறுக்குப் பட்டையில் இரண்டு பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். ஒன்று நேர்த் தடத்துக்கு, மற்றது கிளைத் தடத்துக்கு. தடத்தின் நடுவில் இருக்கும் பிளஞ்சர் என்ற இரும்புத் தண்டு, நாக்கு முழுமையாக ஒட்டியிருந்தால் மட்டுமே பள்ளத்தில் நேராக இறங்கும். நாக்கு கொஞ்சம் பிசகினாலும் தண்டு பட்டையில் முட்டி நிற்கும். சிக்னல் கேபினில் இருப்பவர் எவ்வளவு பலம் போட்டு இழுத்தாலும், தண்டை இயக்கும் லீவர் வராது. இரும்பே 'இல்லை' என்று சொல்லிவிடும்.

கேபின் லீவர்களுக்கு வண்ணம் உண்டு: நிறுத்தும் சிக்னலுக்குச் சிவப்பு, பாயின்ட்டுக்குக் கறுப்பு, பூட்டுக்கு நீலம். லீவர்மேன் முதலில் நீலத்தால் பூட்டைத் திறப்பார். கறுப்பால் நாக்கைத் திருப்புவார். மறுபடி நீலத்தால் பூட்டுவார். அதற்குப் பிறகே சிவப்பு அசையும். வரிசையை மாற்ற முயன்றால் லீவர் சட்டத்துக்கு அடியில் உள்ள இரும்புப் பற்கள் விடாது.

இன்னொரு ஆபத்து மிச்சமிருந்தது: பாயின்ட் மீது வண்டி நிற்கும்போதே ஒருவர் பூட்டைத் திறந்தால்? அதற்கு வந்தது லாக் பார். தண்டவாளத்தின் உட்பக்கம் ஒட்டினாற்போல் கிடக்கும் நீண்ட இரும்புப் பட்டை. பூட்டைத் திறக்க வேண்டுமென்றால் அது முதலில் மேலே எழும்ப வேண்டும். மேலே சக்கரம் இருந்தால் எழும்பாது. அடுத்தடுத்த இரண்டு அச்சுகளுக்கு நடுவே உள்ள மிக நீண்ட இடைவெளியைவிடப் பட்டை நீளமாக இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் அச்சுகளின் இடைவெளியில் ஏமாந்துவிடும். இப்போது லாக் பாரின் வேலையை, தடத்தில் வண்டி இருப்பதை உணரும் டிராக் சர்க்யூட்டும் ஆக்ஸில் கவுன்டரும் மின்சாரத்தால் செய்கின்றன.

வண்டிகள் குறைவாகத் திரும்பும் சைடிங்குகளில் சாவிப் பூட்டும் உண்டு. நாக்கைச் சரியாகப் பூட்டினால்தான் சாவி வெளியே வரும்; அந்தச் சாவி நிலைய அதிகாரியிடம் சேர்ந்தால்தான் சிக்னல் வரும். இந்திய ரயில்வே விதிகளில் இன்டர்லாக்கிங் தரம் ஏற ஏற வேகமும் ஏறும்: முதல் தரத்தில் மணிக்கு 50 கிலோமீட்டர், இரண்டாவதில் 110, மூன்றாவதில் 140, நான்காவதில் 160.

பெட்டிக்குள்

ஆவடி நடைமேடையின் முனையிலிருந்து பார்த்தால், தடத்தின் ஓரத்தில் ஸ்லீப்பர் மீது தாழ்வான இரும்புப் பெட்டிகள் தெரியும். அவை பாயின்ட் மெஷின்கள். உள்ளே 110 வோல்ட் நேர்மின்னோட்ட மோட்டார், பல்சக்கரங்கள், உராய்வு கிளட்ச், பூட்டுச் சட்டங்கள், மின் தொடுப்புகள். பொத்தானை அழுத்தியதும் ஒரே சுழற்சியில் மூன்று வேலைகள் அடுத்தடுத்து நடக்கின்றன: பழைய பூட்டு விடுபடுகிறது, நாக்கு நகர்கிறது, புதிய நிலையில் பூட்டு விழுகிறது. சில வினாடிகளில் முடிந்துவிடும். லீவர்மேனின் நீலம்–கறுப்பு–நீலம் வரிசை இந்தப் பல்சக்கரங்களில் அப்படியே குடியிருக்கிறது.

மெஷினிலிருந்து நாக்குகளுக்குப் போகும் தண்டுகளில் ஒன்று தள்ளுவதற்கு, மற்றவை பார்ப்பதற்கு. பார்க்கும் தண்டுகள் ஒவ்வொரு நாக்குக்கும் தனித்தனியாக உண்டு. நாக்கு ஒட்டியதையும் பூட்டு விழுந்ததையும் அவை தொடுப்புகளுக்குக் காட்ட, அங்கிருந்து ரிலே அறைக்குச் செய்தி போகிறது. இதுதான் டிடெக்‌ஷன். நிலைய அதிகாரி 'பாயின்ட் கிடைக்கல' என்று தொலைபேசியில் சொல்கிறார் என்றால், பெரும்பாலும் இந்தச் செய்தி வரவில்லை என்றே பொருள்.

சிக்னல் பச்சையானதும் அந்த வழியில் உள்ள பாயின்ட்டுகள் எல்லாம் கட்டுண்டுவிடும். மனம் மாறி அவசரமாக வழியை ரத்து செய்தாலும் உடனே விடுபடாது. சிக்னல் சிவப்புக்குத் திரும்பியபின் 120 வினாடி காத்திருக்க வேண்டும். நெருங்கிவிட்ட வண்டி நிற்பதற்கோ கடந்து போவதற்கோ கொடுக்கும் அவகாசம் அது.

பெட்டிக்குள் இருக்கும் பூட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. பெட்டிக்கும் நாக்குக்கும் நடுவிலுள்ள தண்டு முறிந்தால், உள்ளே பூட்டு பத்திரமாக இருக்கும், வெளியே நாக்கு தளர்ந்துவிடும். அதனால் வேகத் தடங்களில் கிளாம்ப் வகைப் பூட்டு வந்தது. அது நாக்கையே ஸ்டாக் ரெயிலோடு நேரடியாகக் கவ்விப் பிடிக்கிறது.

5 மில்லிமீட்டர்

இந்தப் பூட்டைச் சோதிக்கும் முறை மிக எளியது. நாக்கு நுனியிலிருந்து 150 மில்லிமீட்டர் தள்ளி, நாக்குக்கும் ஸ்டாக் ரெயிலுக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட இரும்புத் துண்டை வைத்து மெஷினை இயக்குவார்கள். பூட்டு விழக் கூடாது. டிடெக்‌ஷன் வரக் கூடாது. கிளட்ச் வழுக்க வேண்டும். மோட்டார் வீணாகச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் பாயின்ட் தேறவில்லை.

நல்ல பூட்டு என்பது சந்தேகம் வந்தால் பூட்டாமல் இருப்பது. தடத்துச் சல்லிக்கல் ஒன்று துள்ளி இடுக்கில் விழுந்தாலே சிக்னல் சிவப்பாகவே நின்றுவிடும். ரயில் பெட்டிகளில் இருக்கும் நாம் 'சிக்னல் கோளாறாம்' என்று சலித்துக்கொள்வோம். அவற்றில் பல, பூட்டு தன் கடமையைச் செய்த நேரங்கள்.

நாக்கும் ஸ்டாக் ரெயிலும் தடப் பராமரிப்புப் பிரிவின் பொறுப்பு. மெஷினும் தண்டுகளும் சிக்னல் பிரிவின் பொறுப்பு. நாக்கு ஒட்டவில்லை என்றால் குற்றம் தடத்திலா மெஷினிலா என்ற வாக்குவாதம் ரயில்வே அளவுக்கே பழையது. பாயின்ட்டுகளுக்கு இரு பிரிவினரும் சேர்ந்து செய்யும் கூட்டு ஆய்வு விதிக்கப்பட்டிருப்பது அதனால்தான்.

இரண்டு விபத்துகள்

2023 ஜூன் 2 அன்று மாலை, ஷாலிமாரிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்து பஹானகா பஜார் நிலையத்தில் நேர்த் தடத்துக்கான பச்சை சிக்னலைப் பார்த்து வந்தது. ஆனால் 17ஏ என்ற பாயின்ட், லூப் எனப்படும் பக்கத் தடத்துக்குத் திரும்பியிருந்தது. மணிக்கு ஏறக்குறைய 128 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி லூப்பில் புகுந்து, அங்கே நின்ற சரக்கு வண்டியில் மோதியது. சிதறிய பெட்டிகளில் எஸ்வந்த்பூர்–ஹவுரா வண்டியும் சிக்கியது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அங்கே நாக்கு ஒட்டித்தான் இருந்தது. ஆனால் தவறான பக்கம். முன்பு செய்த மின்சுற்று மாற்றத்தில் இருந்த குறையும், அன்று லெவல் கிராசிங் தடுப்புக்காக நடந்த வேலையும் சேர்ந்து, பாயின்ட் நேர்த் தடத்தில் இருப்பதாக சிக்னலுக்குப் பொய் சொல்லிவிட்டன என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரணை கண்டது.

அடுத்த ஆண்டு, சென்னீர்குப்பம் இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில், 2024 அக்டோபர் 11 இரவு எட்டரை மணி. மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் 8.27க்குப் பொன்னேரியைக் கடந்து, பச்சை சிக்னலில் கவரைப்பேட்டைக்குள் வந்தது. நேர்த் தடத்தில் போக வேண்டிய வண்டி கடுமையான குலுக்கலோடு லூப்பில் இறங்கி, நின்றிருந்த சரக்கு வண்டியில் சுமார் 75 கிலோமீட்டர் வேகத்தில் மோதியது. பெட்டிகள் தடம் புரண்டன, பலர் காயமடைந்தனர், உயிர்ச்சேதம் இல்லை. பஹானகாவைப் போன்ற மின்சுற்றுத் தவறு என்றே முதலில் பலரும் நினைத்தார்கள். விசாரணை வேறு முடிவுக்கு வந்தது: பாயின்ட்டின் இயந்திர உறுப்புகள் வெளியாட்களால் பலவந்தமாகக் கழற்றப்பட்டிருந்தன. நாசவேலை.

ஒன்றில் கம்பி பொய் சொன்னது. மற்றொன்றில் இரும்பையே கழற்றினார்கள். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே விபத்துதான். பூட்டு எவ்வளவு வலுவானது என்ற கேள்வியை மட்டும் கேட்டால் இந்த வேறுபாடு பிடிபடாது. பூட்டு தரும் செய்தி யார் கையையெல்லாம் கடந்து சிக்னலுக்குப் போகிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பூட்டு கைவிடும்போது

டிடெக்‌ஷன் வராவிட்டாலும் வண்டியை அப்படியே நிறுத்தி வைக்க முடியாது. அப்போது பழைய முறை திரும்பி வருகிறது. நிலைய அதிகாரியிடமுள்ள கிராங்க் ஹேண்டிலை எடுத்துப் போய் மெஷினைக் கையால் சுற்றுவார்கள்; அதன் சாவி இடத்தை விட்டு வெளியே வந்தாலே சிக்னல்கள் கட்டப்பட்டுவிடும். நாக்கை ஸ்டாக் ரெயிலோடு கிளாம்ப் போட்டு இறுக்கி, அதன்மேல் பேட்லாக் மாட்டுவார்கள். பிறகு ஓட்டுநர் கையில் எழுத்தில் அனுமதி. பாயின்ட்டின் மேல் வேகம் 15 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மழை நாளில், அடுத்தடுத்து மின்சார ரயில்கள் காத்திருக்கும் ஆவடி–அம்பத்தூர் தடத்தில், ஒரு பாயின்ட்ஸ்மேன் விளக்கோடு சல்லியில் நடந்து போய் இதைச் செய்து திரும்பும் நேரம்தான் நாம் ரயில் பெட்டிக்குள் புழுங்கும் நேரம்.

பூந்தமல்லியில்

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலை வரையிலான நான்காவது வழித்தடம் சென்னீர்குப்பத்துக்குப் பக்கத்தில் முடிகிறது. பணிமனையும் பூந்தமல்லியில்தான். 2025 மார்ச் 20 அன்று அங்கிருந்து முல்லைத்தோட்டம் வரை முதல் சோதனை ஓட்டம் நடந்தது. ஓட்டுநர் இல்லாமல் ஓடும்படி வடிவமைத்த மூன்று பெட்டி வண்டிகள் இவை. தண்டவாளத்தை முன்னே பார்த்துக்கொண்டு போக ஒரு மனிதக் கண் இல்லாத வண்டிக்கு, பாயின்ட் சரியாக ஒட்டியிருக்கிறது என்று சொல்ல டிடெக்‌ஷனை விட்டால் வேறு சாட்சி இல்லை.

பாயின்ட்டைத் திருப்பும் கைக்குக் கண் இல்லாதது பழைய தடத்திலும்தான். ஆவடியிலும் அம்பத்தூரிலும் மேம்பாலத்தை விட்டுத் தண்டவாளத்தில் இறங்கிக் கடப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாக்குக்கும் ஸ்டாக் ரெயிலுக்கும் நடுவிலுள்ள சந்தில் தயவுசெய்து கால் வைக்காதீர்கள். பாயின்ட்டைத் திருப்புபவர் எங்கோ ஓர் அறையில் கட்டுப்பாட்டுப் பலகைக்கு முன் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் கால் அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது.