பற்றேடும் பதிவேடும்: கோலா பிலா வட்டாரச் சிறு கடைகளும் அரசாங்க உதவியும்

வணிகர்க்கு வரி நீக்கம் செய்தல் தமிழர் வரலாற்றில் புதிய செய்தியன்று. 1070ஆம் ஆண்டு அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்க சோழனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று நாடு புகழ்ந்தது. 'அங்காடிப் பாட்டம்' என்று கடைகளின் மீது வாங்கிய வரியைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. இன்று நாம் அரசாங்க உதவிப் பணத்துக்கு வழங்கும் 'மானியம்' என்ற சொல்லே முற்காலத்தில் வரியின்றி விடப்பட்ட நிலத்தைக் குறித்ததாகும். ஆகவே, அரசு எவருக்கு வரியை விட்டுக்கொடுத்தது, எவருக்குப் பொருள் தந்து தாங்கியது என்று வினவுவது, அந்த அரசு எவரைத் தன் கண்ணுக்கு முன் நிறுத்தியிருந்தது என்று வினவுவதேயாகும்.

இவ்வினாவை நெகிரி செம்பிலான் மாநிலத்துக் கோலா பிலா வட்டாரத்தின் சிறு கடைகளைக் கொண்டு ஆராய்வது பயனுடையது. சிரம்பானிலிருந்து புக்கிட் புத்துஸ் கணவாயைக் கடந்து சென்றால் இவ்வூரை அடையலாம். அரச நகராகிய ஸ்ரீ மெனாந்தி அருகில் உள்ளது. மாநிலத்தின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்து 1897இல் மறைந்த மார்ட்டின் லிஸ்டரின் நினைவாகச் சீனர்கள் எழுப்பிய வளைவு இன்றும் ஊர் நடுவே நிற்கின்றது. பகாவ், ரொம்பின் முதலிய ஊர்களும் முன்னர்க் கோலா பிலா மாவட்டத்தைச் சேர்ந்தவையே. 1980இல்தான் ஜெம்போல் தனி மாவட்டமாயிற்று. இவ்வட்டாரத்துப் பால்மரக் காடுகளில் உழைத்த தமிழரை நம்பியே மளிகைக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் ஒட்டுக்கடைகளும் தோன்றின.

தோட்டத்துக்குக் கிடைத்த ஆதரவு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய்க் கூட்டு மாநிலங்களின் அரசாங்கம் ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆதரவளிப்பதில் தயக்கம் காட்டவில்லை. சாலைகளும் இரயில் பாதைகளும் பொதுப்பணத்தில் அமைந்தன. தோட்டக்காரர்களுக்குக் கடன் வழங்கும் திட்டமும் இருந்தது. எல்லாவற்றினும் முதன்மையானது 1907இல் சட்டத்தால் அமைந்த தமிழர் குடியேற்ற நிதியாகும். பின்னர் இது இந்தியர் குடியேற்ற நிதி எனப் பெயர் பெற்றது. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள் அனைவரும், ஆட்கள் செய்த வேலைநாட்களைக் கணக்கிட்டு இந்நிதிக்குப் பணம் செலுத்தினர். அப்பணத்திலிருந்து தென்னாட்டுத் தொழிலாளரின் கப்பல் கட்டணமும் வழிச்செலவும் கொடுக்கப்பட்டன.

இதன் பொருள் யாது? ஆட்களைத் திரட்டும் செலவு, தனித்தனித் தோட்டத்தின் சுமையாக இராமல், சட்டத்தின் துணையுடன் எல்லார்க்கும் பொதுவாகப் பகிரப்பட்டது. 1938இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை விதிக்கும் வரையில் இந்த ஏற்பாடு தோட்டத் தொழிலைத் தாங்கி நின்றது.

அதே காலத்தில் சிறு கடைக்காரர் அரசாங்கத்தை எவ்வடிவில் கண்டார்? வாடகையாகவும் உரிமக் கட்டணமாகவும் கண்டார். ஊர்களின் துப்புரவை மேற்பார்த்த சுகாதார வாரியங்கள் உணவுக் கடைகளுக்கு உரிமம் வழங்கின. அதிகாரிகள் வந்து அடுப்படியைப் பார்வையிட்டனர். பொதுநலத்துக்கு இது வேண்டுவதே. ஆயினும் கடைக்காரரை நோக்கி அரசாங்கத்தின் கை நீண்டது பெறுவதற்காகத்தான். கொடுப்பதற்காக நீண்டதாகக் காணோம்.

அரசாங்கம் உண்போரைத் தாங்கிய காலமும் ஒன்று உண்டு. முதல் உலகப் போருக்குப்பின் 1919 முதல் 1921 வரை அரிசிப் பஞ்சம் தென்கிழக்காசியாவை வாட்டியபோது, மலாயா அரசாங்கங்கள் வெளிநாட்டு அரிசியைத் தாமே வாங்கி, நட்டத்துக்கு விற்றன. இம்மானியம் இல்லையேல் தோட்டக் கூலி உயர வேண்டியிருக்கும். ஆகவே மலிவரிசி தொழிலாளியின் வயிற்றைக் காத்தது போலவே தோட்ட முதலாளியின் கூலிக் கணக்கையும் காத்தது எனலாம்.

கடைக்காரர் கொடுத்த மானியம்

தோட்டத் தொழிலாளிக்குச் சம்பளம் மாதம் ஒருமுறை, பசியோ நாள்தோறும். 1920களின் இறுதியில் வசதியான இடங்களிலிருந்த தோட்டங்களில் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலியாக இருந்தன. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வெட்டில்லையேல் கூலியும் குறையும். இந்த இடைவெளியை நிரப்பியது கடைக்காரரின் பற்றேடு. அரிசி, பருப்பு, மிளகாய், கருவாடு ஆகியவற்றை லயத்துக் குடும்பங்கள் கடனாக வாங்கிச் சம்பள நாளில் தீர்த்தன. சில தோட்டங்களில் கிராணியும் கங்காணியுமே கடையின் பின்னணியில் இருந்து ஆதாயம் கண்டதும், விலை கூட்டி எழுதியதும் உண்டு. கடைக்காரர் எல்லாரும் தருமவான்கள் என்று சொல்வதற்கில்லை. எனினும் மாதம் முழுவதும் குடும்பத்தைத் தாங்கியது அந்த ஏடுதான்.

கடைக்காரருக்குச் சரக்குக் கடன் கொடுத்தோர் மொத்த வியாபாரிகள். பணக்கடன் கொடுத்தோர் கிட்டங்கிகளில் அமர்ந்து லேவாதேவி நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். இந்தக் கடன் சங்கிலியின் கடைசிக் கண்ணி பால்வெட்டுத் தொழிலாளியின் கூலியாகும். 1930களின் பெருமந்தத்தில் அக்கண்ணி அறுந்தது. 1932இல் ரப்பர் விலை ராத்தலுக்கு 10 காசுக்கும் கீழே இறங்கியது. தொழிலாளர் பெருந்திரளாகத் தாயகம் திருப்பியனுப்பப்பட்டனர். அவர்களின் வழிச்செலவுக்குக் குடியேற்ற நிதி இருந்தது. அவர்கள் பெயரில் கடை ஏட்டில் நின்ற பாக்கிக்கு எந்த நிதியும் இல்லை.

1934இல் பன்னாட்டு ரப்பர்க் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் வந்தது. உற்பத்தியைக் குறைத்து விலையை உயர்த்தி அது தோட்டங்களைக் கைதூக்கிவிட்டது. சிறு நில உடைமையாளரைக் காக்க 1931இலும் 1933இலும் நிலச்சட்டங்கள் இயற்றப்பட்டன. தோட்டத்துக்கும் நிலத்துக்கும் சட்டம் துணை வந்தது. கடைக்கு வரவில்லை.

நிலமில்லாதவனுக்குக் கடன் ஏது?

இங்கே ஒரு தனி இயல்பைக் கவனித்தல் வேண்டும். நெகிரி செம்பிலானில், அதிலும் கோலா பிலா பகுதியில், அடாட் பெர்பத்தே என்னும் தாய்வழி மரபு வேரூன்றியது. குலத்துக்குரிய நிலம் பெண்வழியாக இறங்கும். 1909இல் இயற்றப்பட்ட மரபுரிமை நிலச் சட்டம் அந்நிலங்களைக் குலத்துக்கு வெளியே போகாமல் காத்தது. 1913ஆம் ஆண்டின் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டமும் அதனோடு சேர்ந்தது. மண்ணின் மக்களுக்கு இவை நியாயமான பாதுகாப்பே.

ஆனால் தோட்டத்தில் பிறந்து ஊர் அஞ்சடியில் கடை வைத்த தமிழருக்கு லயத்து வீடும் சொந்தமில்லை. கடை வீடும் வாடகை. வங்கியில் ஈடு காட்ட அவரிடம் ஒன்றுமில்லை. ஈடு இல்லாதவருக்கு முறையான கடன் கிட்டாது. முறையான கடன் இல்லாதவர் வட்டிக்கடைக்கே போக வேண்டும். இவ்வண்ணம் நிலவுரிமை அமைப்பே கடையின் அளவைச் சிறிதாக வைத்திருந்தது.

இதற்கு மாற்றாக எழுந்தது கூட்டுறவு. 1922இல் கூட்டு மாநிலங்களில் கூட்டுறவுச் சட்டம் இயற்றப்பட்டது. தோட்டங்களில் சிக்கன, கடன் சங்கங்கள் பரவின. கூட்டுறவுப் பண்டகசாலைகளும் பின்னர் எழுந்தன. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளரே வாங்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 100 வெள்ளிப் பங்கை 10 வெள்ளித் தவணைகளாகச் செலுத்தி உறுப்பினராகலாம். மலேசிய வருமான வரிச் சட்டமும் கூட்டுறவுக்குச் சலுகை காட்டுகின்றது: பதிவாகிய முதல் ஐந்தாண்டுக்கு வரி விலக்கு, பின்னரும் உறுப்பினர் நிதி 7,50,000 ரிங்கிட்டுக்குக் குறைவாக இருப்பின் விலக்குத் தொடரும். சிறியவர் ஒன்றுசேர்ந்து ஏட்டில் பெயர் பெற்றால் அரசாங்கம் அவர்களைக் காணும் என்பதற்கு இது நல்ல சான்று.

சுதந்திரத்துக்குப் பின்

வருமான வரி 1948 முதல் மலாயாவில் நடைமுறைக்கு வந்தது. வரி வந்தால் அதற்கு விலக்கும் வரும். 1958ஆம் ஆண்டின் முன்னோடித் தொழில் சட்டம் புதிய ஆலைகளுக்குச் சில ஆண்டுகள் வரி விலக்கு அளித்தது. முதலீடு மிகுந்தால் விலக்குக் காலமும் நீண்டது. இது பெருமுதலுக்குரிய சலுகை. இட்டலிப் பானைக்கு உரியதன்று. கிராமப்புற வணிகத்தை வளர்க்க 1950இல் அமைந்த ரிடா, 1966இல் மாரா என்னும் பூமிபுத்ராக்களுக்கான நிறுவனமாயிற்று. 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை பிறந்தது. 1970இல் கம்பெனிப் பங்குகளில் இந்தியர் பங்கு ஏறத்தாழ 1.1 விழுக்காடே என்பதை நினைவிற் கொண்டால், அக்கொள்கை தோட்டத் தமிழரின் வறுமையைத் தனியே கவனிக்கவில்லை என்று அறிஞர் பலர் குறைகூறியதன் காரணம் விளங்கும். 1972இல் அமைந்த கடன் உத்தரவாதக் கழகம் ஈடில்லாச் சிறு வணிகர்க்கும் வங்கிக் கதவைத் திறக்க முயன்றது.

இதற்கிடையே பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் வீடமைப்புக்கும் கைமாறின. லயங்கள் காலியாயின, தோட்டத்தை நம்பிய கடைகளும் வாடிக்கையாளரை இழந்தன. வேலையிழந்த குடும்பங்களுள் பல, கோலா பிலா, பகாவ், சிரம்பான் தெருவோரங்களில் ஒட்டுக்கடை போட்டுப் பிழைத்தன. தோசைக் கல்லும் தேநீர்க் கோப்பையும் அவர்களுக்குக் கிடைக்காத ஓய்வூதியமாயின.

1998இல் தோன்றிய தெக்குன் நிறுவனத்தின்கீழ், 2008இல் இந்தியச் சமூகத் தொழில்முனைவோருக்கென ஸ்பூமி கடன் திட்டம் ஏற்பட்டது. 2024இல் அமானா இக்தியார் நிறுவனம் இந்திய மகளிருக்கென 'பெண்' என்னும் திட்டத்தை 5 கோடி ரிங்கிட் ஒதுக்கீட்டில் தொடங்கியது. வீட்டில் பலகாரம் செய்து விற்கும் பெண்ணையும் தொழில்முனைவோர் என ஒப்புக்கொண்டது இத்தகைய திட்டங்களின் சிறப்பு.

பதிவேட்டில் இல்லாதவர்

வரிச் சலுகைகளை நோக்குவோம். 2023 வரியாண்டு முதல், தகுதியுடைய சிறு கம்பெனிகளின் முதல் 1,50,000 ரிங்கிட் வருமானத்துக்கு 15 விழுக்காடும், அடுத்து 6,00,000 வரை 17 விழுக்காடும் வரி. இச்சலுகை கம்பெனிகளுக்குரியது, தம் பெயரிலேயே கடை நடத்துபவர் தனிமனிதர் விகிதத்தில் வரி செலுத்துகிறார். மறைமுக வரியில் சிறியவர்க்கு உண்மையான விலக்கு உண்டு. 2015இல் வந்த பொருள், சேவை வரியில் ஆண்டு விற்றுமுதல் 5 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டிய உணவகங்கள் பதிய வேண்டியிருந்தது. 2018 செப்டம்பரில் மீண்ட சேவை வரியில் அந்த எல்லை 15 லட்சமாக உயர்ந்தது. இந்தியாவில் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ள உணவகங்கள், விரிவான கணக்கின்றி 5 விழுக்காடு கட்டும் தொகுப்பு முறையைத் தேர்ந்துகொள்ளலாம். கணக்கெழுதும் சுமையைக் குறைப்பதும் ஒரு மானியமே என்பதை இம்முறை உணர்த்துகின்றது.

2020இன் பெருந்தொற்று எல்லாவற்றையும் சோதித்தது. மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு. கடையில் அமர்ந்து உண்ணத் தடை. அரசாங்கம் பதிவு பெற்ற நுண்தொழில்களுக்கு 3,000 ரிங்கிட் நன்கொடை அளித்தது. 75 பேர் வரை வேலைக்கு வைத்திருந்த நிறுவனங்களுக்கு, 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத சம்பளம் பெறும் தொழிலாளி ஒருவருக்கு மாதம் 1,200 ரிங்கிட் ஊதிய மானியம் தந்தது. பயனுள்ள உதவிகளே இவை. ஆனால் ஊதிய மானியம் உள்நாட்டுத் தொழிலாளருக்கு மட்டும் உரியது. இந்திய உணவகங்களின் அடுப்படியில் நிற்பவருள் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். நன்கொடையோ பதிவேட்டில் பெயர் உள்ளவர்க்கு. வணிகப் பதிவுச் சட்டம் 1956 முதல் நடைமுறையில் உள்ளது. எனினும் தோட்டப்புறத்தில் தலைமுறையாகப் பதிவின்றி நடந்த கடைகள் உண்டு. அக்கடைகள் தம்மைச் சுற்றியிருந்தோரை ஏட்டில் எழுதித் தாங்கின. தம் பெயரை அரசாங்க ஏட்டில் எழுதுவிக்கவில்லை.

சிங்கப்பூர் மற்றொரு வழி கண்டது. 2020 முதல் அங்கு வழங்கும் சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டுகளைக் குடியிருப்பு வட்டாரக் கடைகளிலும் உணவங்காடிகளிலும் செலவிடலாம். வாடிக்கையாளர் கையில் பணத்தைத் தந்து அவர் வழியே கடையைத் தாங்கும் முறை இது. மலேசியாவும் 2025 ஆகஸ்டு 31 முதல் வயது வந்த குடிமக்கள் அனைவருக்கும் அடையாள அட்டை வழியாக 100 ரிங்கிட் வழங்கியது. அதையும் இத்திட்டத்தில் பதிந்த கடைகளில்தான் செலவிட இயன்றது.

நூறாண்டு வரலாறு ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப உரைக்கின்றது. அரசாங்கத்தின் உதவி எப்பொழுதும் ஓர் ஏட்டின் வழியாகவே நடந்து வந்துள்ளது. முன்பு அந்த ஏட்டில் இருந்தவை தோட்டங்கள். இன்று இருப்பவை பதிவும் கணக்கும் உடைய நிறுவனங்கள். ஆகவே கடைக்காரர் தம் கடையைப் பதிந்து கணக்கு வைப்பது கடன். அதே அளவுக்கு, பதிவு அலுவலரும் கணக்கறிந்த இளைஞரும் கோலா பிலா போன்ற சிற்றூர்களின் ஒட்டுக்கடை வரை நடந்து சென்று, அவர்கள் மொழியில் படிவத்தை நிரப்பித் தருவதும் கடனாகும். மாதக் கடைசியில் லயத்துக் குடும்பங்களைப் பட்டினியின்றிக் காத்த பற்றேட்டுக்கு நாடு இன்னும் செலுத்தாத பாக்கி அது.