படகைக் காக்கும் துத்தநாகம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடற்கரைகளில் பாய்மர வள்ளங்களின் காலத்துக்குப் பின் விசைப்படகுகள் பெருகின. எஞ்சினோடு எஃகுப் பாகங்களும் வெண்கல விசிறியும் உப்புநீருக்குள் இறங்கின. கடல்நீரில் இரு வேறு உலோகங்கள் இணைந்தால் மின்கலம் உருவாகிறது. அவற்றுள் வினைத்திறன் மிக்கது கரைகிறது.

பிரிட்டிஷ் கடற்படை இதை முன்பே அறிந்தது. 1761இல் ‘அலார்ம்’ கப்பலுக்குச் செப்புத் தகடு போர்த்தினர். தகட்டைத் தொட்ட இரும்பு ஆணிகள் விரைவில் அரித்துப்போயின. 1824இல் ஹம்ப்ரி டேவி, செம்போடு துத்தநாகமோ இரும்போ இணைத்தால் செம்பு தப்பும் என்று காட்டினார். ஆனால் கரையாத செம்பில் பாசியும் கொட்டலசும் ஒட்டிக் கப்பலின் வேகத்தைக் குறைத்தன. அதனால் கடற்படை அம்முறையைக் கைவிட்டது. பின்னாளில் எஃகுக் கப்பல்களுக்கு அதே தத்துவம் கைகொடுத்தது.

புதுக்கோட்டைக்கு அண்டையிலுள்ள காரைக்குடியில், அழகப்பச் செட்டியாரின் நன்கொடையால் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் திறக்கப்பட்டது. உலோக அரிமானம் அதன் முக்கிய ஆய்வுத்துறை. மண்டபம் என்ற கடற்கரை ஊரில் கடல்சூழல் சோதனைகளும் நடந்தன.

துத்தநாகத்தைக் கரையவிட்டுப் படகின் எஃகைக் காக்கும் முறையில், துத்தநாகக் கட்டியை நீர்மட்டத்துக்குக் கீழே, காக்கவேண்டிய உலோகத்தோடு மின்தொடர்பு இருக்குமாறு பொருத்த வேண்டும். கட்டியின்மேல் பெயிண்ட் பூசினால் பயனில்லை. எஃகுக்கு முன்னே துத்தநாகம் கரைவதால், படகைக் கரையேற்றும்போது தேய்ந்த கட்டியை மாற்றுவது அவசியம்.