கடைசல் பட்டறையிலிருந்து கணினித் திரை வரை: அச்சு என்னும் கோட்டின் கதை

"இன்ஜினியரிங் சம்பந்தமா எழுது, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். கேட் மென்பொருளில் 'ரிவால்வ்' என்றொரு கட்டளை இருக்கிறது. பாதி உருவத்தை ஒரு ஸ்கெட்ச்சாக வரைந்து, ஒரு கோட்டைக் காட்டி, "இதைச் சுற்றிச் சுழற்று" என்றால் புஷ், புல்லி, பிஸ்டன் எல்லாம் திரையில் முழுசாக வந்து நிற்கும். அந்த ஒரு கோட்டுக்குப் பின்னால் இருக்கும் நீண்ட சரித்திரத்தையே இங்கே எழுதுகிறேன்.

தமிழில் 'கடை' என்றொரு வினைச்சொல் உண்டு. தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். லேத் மிஷினுக்குக் கடைசல் இயந்திரம் என்று பெயர் வந்தது அதனால்தான். 'அச்சு' என்ற சொல்லையும் பாருங்கள். வண்டிச் சக்கரம் சுழல்வதும் அச்சில், உலோகத்தை ஊற்றி உருவம் எடுப்பதும் அச்சில். சுழல்வதற்கும் உருவம் பெறுவதற்கும் ஒரே சொல்! ரிவால்வ் கட்டளைக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைக்காது.

நம்ம பக்கத்துச் சுழற்சிகள்

நான் ஜவளகிரிக்காரன். ஓசூரிலிருந்து தளி வழியாக வந்தால், கர்நாடக எல்லையை ஒட்டி, யானை நடமாடும் காட்டோரத்தில் எங்கள் ஊர். ராகி விளையும் பூமி. ராகியை மாவாக்கும் திருகையில் கீழ்க்கல் அசையாது. நடுவில் ஒரு முளை நிற்கும். மேல்கல் அதைச் சுற்றி வரும். முளை ஆடினால் மாவு நைசாக வராது. அச்சு நிலையாக இருக்க வேண்டும் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல கருவி ஏது?

கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022ஆம் ஆண்டு தமிழக அரசு அறிவித்தது. அது போன்ற இரும்புக்கால இடங்களில் கிடைக்கும் கருப்பு-சிவப்பு மட்கலங்களில் பல, சக்கரத்தில் வனைந்தவை. எல்லைக்கு அந்தப் பக்கம் போனால், 1117இல் எழுந்த பேளூர்க் கோயிலிலும், அதை அடுத்து எழுந்த ஹளேபீடு கோயிலிலும் போசளர் நிறுத்திய வட்டத் தூண்கள் இருக்கின்றன. வெட்டும்போது மிருதுவாக இருக்கும் மாக்கல்லை லேத் போன்ற ஒரு பொறியில் ஏற்றிக் கடைந்திருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. அதே போசள வம்சத்து இராமநாதன் 13ஆம் நூற்றாண்டில் தலைநகராகக் கொண்ட குந்தாணியும் நமது மாவட்டம்தான். இன்றும் சென்னப்பட்டணத்தில் வெட்பாலை மரத்தை லேத்தில் ஏற்றி, அரக்குச் சாயம் பூசிப் பொம்மை கடைகிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. குயவரின் கை பானையைச் சுற்றி ஓடுவதில்லை. டர்னரின் உளியும் கம்பியைச் சுற்றி ஓடுவதில்லை. கை தருவது ஒரு பக்கத்து வளைவு மட்டும். மீதியை அச்சு முடித்துத் தருகிறது. கேட் மென்பொருளில் நாம் வரையும் பாதி உருவமும் அதேதான்.

கெப்ளரின் பழங்கள்

கோள்களின் பாதையைக் கண்டுபிடித்த கெப்ளர், 1613இல் இரண்டாம் திருமணத்துக்காக ஒயின் பீப்பாய் வாங்கினார். வியாபாரி துளைக்குள் ஒரு கோலைச் சாய்வாக விட்டுக் கொள்ளளவு சொன்ன விதம் அவருக்குத் திருப்தி தரவில்லை. விளைவு, 1615இல் ஒரு புத்தகமே வந்தது. ஒரு வட்டத்தை அதன் விட்டத்தைச் சுற்றிச் சுழற்றினால் பந்து. வட்டத்துக்கு வெளியே உள்ள கோட்டைச் சுற்றிச் சுழற்றினால் வளையம். வட்டத்தை ஒரு நாணால் வெட்டி, அந்த நாணைச் சுற்றிப் பெரிய துண்டைச் சுழற்றினால் ஆப்பிள். சின்னத் துண்டைச் சுழற்றினால் எலுமிச்சை. பழப் பெயர்கள் அவர் வைத்தவையே. வரைந்தது ஒரே வட்டம். கோடு இடம் மாறியதும் பொருளே மாறிவிட்டது.

அவருக்கும் முன்னால், 4ஆம் நூற்றாண்டு அலெக்சாண்டிரியாவின் பாப்பஸ் ஒரு விதி சொன்னார்: சுழற்றும் உருவத்தின் பரப்பை, அதன் மையம் சுற்றி வரும் தூரத்தால் பெருக்கினால் கன அளவு. 10 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் மையம் அச்சிலிருந்து 50 மி.மீ. தள்ளி இருக்கட்டும். பரப்பு 314.16 சதுர மி.மீ.; மையம் சுற்றும் தூரமும் 314.16 மி.மீ. பெருக்கினால் வளையத்தின் கன அளவு சுமார் 98,696 கன மி.மீ. மாடல் போட்டதும் மென்பொருள் காட்டும் கன அளவை இந்த வழியில் சரிபார்க்கலாம். அச்சைத் தவறாகப் பிடித்திருந்தால் எண் உடனே காட்டிக்கொடுக்கும்.

போர்டிலிருந்து திரைக்கு

பெங்களூரில் 1953இல் எச்.எம்.டி. தொடங்கியது, நம் நாட்டுப் பட்டறைகளுக்கு லேத் வந்தது. 1970களில் ஓசூரில் சிப்காட் வளாகம் எழுந்தது. 1980களில் மொபெட், லாரி, கைக்கடிகாரம் என்று மூன்று அளவிலான சுழலும் உறுப்புகள் ஒரே ஊரில் தயாராகத் தொடங்கின. டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் ஆகியவற்றைச் சுற்றிச் சிறு பட்டறைகள் பெருகின.

அந்தக் காலத்து டிராயிங் போர்டில் முதலில் விழுவது செண்டர் லைன். மெல்லிய சங்கிலிக் கோடு. கோடு போட்ட பிறகே உருவம். 1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் 'ஸ்கெட்ச்பேட்' செய்து காட்டினார். இந்தக் கோடு அந்தக் கோட்டுக்கு இணை, இது செங்குத்து என்ற கட்டுப்பாடுகளைக் கணினி நினைவில் வைத்தது. 1985இல் சாமுவேல் கெய்ஸ்பெர்க் தொடங்கிய பாராமெட்ரிக் டெக்னாலஜி நிறுவனம், அதே பத்தாண்டின் இறுதியில் புரோ-இன்ஜினியரை வெளியிட்டது. அளவு ஒன்றை மாற்றினால் முழு மாடலும் தானே மாறும் முறை அதன் வழியாகத் தொழிலுக்குள் வந்தது. 1995இல் சாலிட்ஒர்க்ஸ் அதைச் சாதாரண விண்டோஸ் கணினிக்குக் கொண்டுவந்தது. இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேட் 2002இல் பிறந்தது.

வசதி பெருகியது, ஆனால் செண்டர் லைன் போடும் பழக்கம் குறைந்தது. ரிவால்வ் கட்டளை எந்த நேர்கோட்டையும் அச்சாக ஏற்றுக்கொள்ளும். அதனால் "எதை அச்சாக்குவது" என்று யோசிக்காமலே வேலை முடிந்துவிடுகிறது.

பட்டறையில் விழும் விலை

எனக்குத் தெரிந்த ஒரு சிறு பட்டறைக்கு ஒரு புஷ் வேலை வந்தது. துளையின் விட்டத்தை 2 மி.மீ. கூட்ட வேண்டும் என்பது திருத்தம். வடிவமைத்தவர் ஸ்கெட்ச்சில் அச்சிலிருந்து ஆரமாகத்தான் அளவு கொடுத்திருந்தார். அதில் 2 கூட்டினார். விட்டம் 4 கூடிவிட்டது. மாடல் சிவப்புக் காட்டவில்லை, டிராயிங்கும் அழகாக வந்தது. பட்டறைக்காரர் டிராயிங்படியே கடைந்தார். புஷ் ஷாஃப்ட்டில் லொடலொடவென்று ஆடியது. "நான் டிராயிங் பார்த்துத்தானுங்க போட்டேன்" என்று அவர் சொன்னது நியாயம். ஆனாலும் பணம் மாசக்கணக்கில் நின்றது.

ஆகவே தம்பி, தங்கைகளுக்குச் சில வார்த்தைகள்:

முதலாவது, அச்சை எப்போதும் மூலப்புள்ளி வழியாகச் செல்லும் அடிப்படை அச்சில் வையுங்கள். மாடலின் ஓர் ஓரத்தை அச்சாகப் பிடித்தால், பின்னால் ஒரு ஃபில்லெட் சேர்த்ததும் அந்த ஓரத்தின் உள்பெயர் மாறும். அச்சு காணாமல் போகும். 2024 நவம்பரில் வந்த ஃப்ரீகேட் 1.0 இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைத்தது. ஆனாலும் நிலையான முளை இருக்கும்போது ஆடுகிற முளை எதற்கு?

இரண்டாவது, ஸ்கெட்ச் அச்சுக்கு ஒரே பக்கத்தில் இருக்கட்டும். கோட்டைத் தாண்டினால் உருவம் தன்னையே வெட்டிக்கொள்ளும். அச்சை ஒட்டி வரைந்தால் கெட்டிப் பொருள். விலகி நின்றால் நடுவில் துளை. ஒரே புள்ளியில் மட்டும் தொட்டால் பல மென்பொருள்கள் மறுத்துவிடும். அப்படியொரு பொருளைக் கடையவும் முடியாது.

மூன்றாவது, செண்டர் லைனைத் தாண்டி அளவை இழுத்து விட்டமாகக் கொடுங்கள். வெர்னியரும் மைக்ரோமீட்டரும் அளப்பது விட்டத்தை. ஆரத்தில் ±0.05 என்றால் விட்டத்தில் ±0.1 என்பதையும் மறக்க வேண்டாம்.

டர்னர் கம்பியைச் சக்கில் மாட்டியதும் உளியைத் தொடமாட்டார். டயல் வைத்து, கையால் மெல்லச் சுற்றி, முள் ஆடுகிறதா என்று பார்ப்பார். அவர் தேடுவதும் நாம் திரையில் தேர்ந்தெடுப்பதும் ஒரே கோடு. ஆனால் கோடு தவறினால் அவருக்கு இரும்பு போகிறது, கூலி போகிறது. நமக்கு ஒரு அன்டூ போதும். இந்த வித்தியாசத்தை உணர்ந்தவர் வரையும் டிராயிங்கில் செண்டர் லைன் தானாகவே முதலில் வந்துவிடும்.

நமது சங்கத்துக்கு ஒரு யோசனை. கேட் வகுப்பு தொடங்கும் முன், மாணவர்களை ஒரு முழு நாள் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் லேத் முன்னால் நிறுத்துவோம். கற்றுக்கொடுக்க ஓசூர்ப் பட்டறை டர்னர்களையே உரிய சன்மானத்தோடு அழைப்போம். தேதியைச் சங்கம் குறித்தால், ஜவளகிரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.