கறுப்புக் கச்சையும் காணிக்கை ஏடும்

கறுப்புக் கச்சை என்பது சில முழத் துணி. அதைக் கடையிலேயே வாங்கிவிடலாம். அதனோடு வரும் சான்றிதழே விலையுயர்ந்தது. தேர்வுக்கு ஒரு கட்டணம், பதிவுக்கு வேறொரு கட்டணம். வியர்வை சிந்தியவன் மாணவன், கற்பித்தவர் ஆசான், முத்திரையிட்டதோ மன்றம். நாளை ஆசானும் மன்றமும் பிரிந்துவிட்டால் அந்தத் தாள் யாருக்குரியது? இவ்வழக்கு நாம் எண்ணுவதினும் பழமையானது.

ஜப்பானின் பழைய போர்க்கலைப் பள்ளிகளில் நிறக் கச்சைகள் இருந்ததில்லை. மாணவன் தேர்ச்சி பெறப் பெற, ஆசான் தம் கைப்பட எழுதிய சுருளேடுகளை வழங்குவார். மாணவன் காணிக்கை செலுத்துவான். 1882இல் தோக்கியோவின் எய்ஷோஜி ஆலயத்தில், பன்னிரண்டு பாய்கள் கொண்ட கூடத்தில், ஜிகோரோ கானோ தமது கோடோகானைத் தொடங்கினார். மறு ஆண்டே 'டான்' என்னும் படிமுறையை வகுத்து, சிரோ சைகோ, த்சுனேஜிரோ தொமிதா என்னும் இருவருக்கு முதற்படி அளித்தார். கராத்தே ஆசான் கிச்சின் புனாகோஷி இம்முறையைக் கடன்பெற்று, 1924இல் தம் மாணவர்க்கு டான் வழங்கினார். அன்று தொட்டுச் சான்றிதழ் ஆசானின் கையெழுத்து என்னும் நிலையிலிருந்து நிறுவனத்தின் பதிவு என்னும் நிலைக்கு நகர்ந்தது.

கொரியாவிலும் இதுவே கதை. 1945க்குப் பின் அங்கே தோன்றிய 'குவான்' என்னும் பள்ளிகள் தனித்தனியே படி வழங்கிவந்தன. 1972இல் சியோலில் குக்கிவொன் எழுந்தது. 1978இல் முதன்மையான குவான்கள் ஒன்றிணைய இசைந்தன. ஆனால் தளபதி சோய் ஹொங் ஹி 1966இல் நிறுவிய சம்மேளனம், அவர் கனடாவுக்குக் குடிபெயர்ந்த பின்னும் தன் சான்றிதழைத் தானே வழங்கிற்று. ஒரே கலை, இரு முத்திரைகள்.

எனினும் இவ்வழக்கின் உயிர்நாடியை அறிய நாம் சொக்காகு தக்கேதாவிடம் செல்ல வேண்டும். டைட்டோ-ரியூ என்னும் கலையின் ஆசானாகிய இவர், நிலையான பள்ளி எதுவுமின்றி ஊர் ஊராகச் சென்று, காவலர்க்கும் நீதிபதிகளுக்கும் கற்பித்தவர். எங்குச் சென்றாலும் இரு ஏடுகளை உடன் கொண்டு செல்வார். ஒன்றில் மாணவர் பெயர். மற்றொன்றில் அவர்கள் செலுத்திய தொகை. மாணவரே பெயரெழுதி முத்திரையும் பதிக்க வேண்டும்.

1915இல் ஹொக்கைடோவின் எங்காரு என்னும் ஊரில் மொரிஹெய் உயெஷிபா இவரிடம் மாணவரானார். 1922இல் தக்கேதா அயாபே நகருக்கு வந்து தங்கி, உயெஷிபாவுக்குக் கற்பிக்கும் உரிமை அளித்தார். உரிமையோடு ஒரு நிபந்தனையும் வந்தது: புதிதாகச் சேரும் மாணவன் ஒவ்வொருவனுக்கும் மூன்று யென் ஆசானைச் சேர வேண்டும். உயெஷிபா தொடக்க காலத்தில் வழங்கிய சுருள்களில் டைட்டோ-ரியூவின் பெயரே இருந்தது. நாளடைவில் அவர் புகழ் ஓங்கிற்று; பெயரும் மாறிற்று; உறவும் கசந்தது. 1936இல் ஒஸாகாவின் அசாஹி நாளிதழ் நிறுவனத்தில் உயெஷிபா கற்பித்துவந்த இடத்திற்குத் தக்கேதா நேரில் வந்து நின்றபோது, உயெஷிபா ஆசானைக் காணாமலே அவ்விடம் விட்டகன்றார். அங்கிருந்த தக்குமா ஹிசா முதலிய மாணவர்கள் தக்கேதாவிடமே தொடர்ந்து பயின்றனர். ஹிசா 1939இல் முழுத் தேர்ச்சிக்கான சான்று பெற்றார். உயெஷிபாவின் கலையோ 1942 முதல் ஐகிடோ எனப்படலாயிற்று.

ஒருவரை நன்றி மறந்தவர் என்றும், மற்றவரைப் பேராசைக்காரர் என்றும் கூறிவிடுதல் எளிது. நாம் அவ்வாறு கூறத் துணியோம். பள்ளியோ மாதச் சம்பளமோ இல்லாத முதியவருக்கு அந்த மூன்று யென்னே பிழைப்பு. தன்னை நம்பி வந்த மாணவனை, தான் வளர்த்த கலையை, இன்னொருவர் கணக்கில் வாழ்நாளெல்லாம் எழுதிக்கொண்டிருப்பது உயெஷிபாவுக்கும் இயலாததே.

தக்கேதா 1943இல் மறைந்தார். பின்னாளில் ஐகிடோவின் மூலத்தை ஆராயப் புகுந்தோர்க்கு, யார் எவ்வாண்டு எவ்வூரில் பயின்றார் என்று காட்டிய முதற்சான்று அவருடைய ஏடுகளே. அவற்றில் உயெஷிபாவின் பெயரும் உள்ளது.