இக்தியோசாரின் மடங்கிய வால்

இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் என்று ஒரு சின்ன ஊர். 1811-12ல் அங்கே ஜோசப் ஆனிங் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டெடுத்தான். உடம்பைத் தேடிப் பிடித்தது அவன் தங்கை மேரி, வயசு 12 இருக்கும். முதலை என்றுதான் முதலில் நினைத்தார்கள். அப்புறம்தான் அது இக்தியோசார், கடலில் வாழ்ந்து அழிந்துபோன ஊர்வன என்று தெரிந்தது.

இந்த எலும்புக்கூடுகள் நிறையக் கிடைக்க ஆரம்பித்ததும் ஒரு வினோதம் கண்ணில் பட்டது. வால் நேராகப் போய்க்கொண்டே இருந்து, நுனிக்குக் கொஞ்சம் முன்னாடி டக்கென்று கீழே மடங்கியிருக்கும். ஒன்றிரண்டில் என்றால் விபத்து. பலவற்றில், ஏறக்குறைய ஒரே இடத்தில் என்றால்?

1838ல் ரிச்சர்ட் ஓவன் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். வால் நுனியில் சதையாலான துடுப்பு இருந்திருக்க வேண்டும், செத்தபிறகு அதன் இழுப்பில் முதுகெலும்பு அங்கே விலகிவிட்டது என்றார். துடுப்பு இருந்தது சரி. ஆனால் எலும்பு விலகவே இல்லை, உயிரோடு இருக்கும்போதே அப்படித்தான் வளைந்திருந்தது. மடங்கும் இடத்து முள்ளெலும்புகள் ஆப்பு வடிவில் இருப்பதே அதற்குச் சாட்சி. எங்க தொழிலில் சொல்வோமே, அது பக் இல்லை, ஃபீச்சர்!

ஓவனின் ஆலோசனையோடு வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் செய்த சிலைகள் 1854ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் திறக்கப்பட்டன. இன்றும் அங்கேயே இருக்கின்றன. அந்த இக்தியோசார்களுக்கு முதுகுத் துடுப்பு கிடையாது. கண்ணைப் பாருங்க, சூரியகாந்திப் பூ மாதிரி இருக்கும். விழிக்கோளத்துக்கு உள்ளே, அதன் வடிவத்தைத் தாங்கும் எலும்புத் தகடு வளையம் ஒன்று உண்டு (பறவைகளுக்கும் இருக்கிறது). அதை வெளியே தெரிகிற மாதிரி செய்துவிட்டார்கள். கிடைத்த எலும்பை விட்டுவிட மனசு வரவில்லை போல.

விடை வந்தது ஜெர்மனியிலிருந்து. ஹோல்ட்ஸ்மாடனில் சுமார் 18 கோடி ஆண்டு பழமையான கருப்புக் களிப்பாறை. ஆக்சிஜன் குறைந்த கடலடிச் சேறு என்பதால் பிணத்தைத் தின்ன வருகிற பிராணிகள் குறைவு. 1892ல் பெர்ன்ஹார்ட் ஹாவ்ஃப் அங்கே கிடைத்த ஒன்றைச் சுத்தம் செய்தபோது, எலும்பைச் சுற்றி உடம்பின் கருநிற விளிம்பே தெரிந்தது. எலும்பே இல்லாத முதுகுத் துடுப்பு! வால் பிறை வடிவம். முதுகெலும்பு அதன் கீழ் மடலுக்குள் இறங்குகிறது. சுறாவுக்கு நேர் எதிர், அதற்கு மேல் மடலில்தான் ஏறும்.

விளிம்பைச் சுத்தம் செய்தவர்களே கொஞ்சம் 'வரைந்து' விட்டிருப்பார்களோ என்ற சந்தேகம் சிலருக்கு இருந்தது. நியாயமான சந்தேகம்தான், இந்த மாதிரிப் படிவங்களுக்கு நல்ல விலை. 2018ல் யோஹான் லிண்ட்கிரென் குழு இன்னொரு வழியில் போனது. ஸ்டெனோப்டெரிஜியஸ் என்ற இக்தியோசாரின் தோலையே நுண்ணோக்கியிலும் வேதியியல் சோதனையிலும் ஆராய்ந்தார்கள். செதில் இல்லாத வழுவழுப்பான தோல், அதற்கடியில் திமிங்கிலத்துக்கு இருப்பது போன்ற கொழுப்பு அடுக்கு, மேல்பக்கம் கருப்பு, அடிப்பக்கம் வெளிர் நிறம். கொழுப்பு இருந்தால் உடம்புச் சூட்டைக் காத்துக்கொண்டது என்று அர்த்தம். 'ஊர்வன' என்றதும் நம் மனசில் வரும் பிராணி இதுவல்ல.

நம்ம திருச்சிப் பக்கத்துப் பாறைகளிலும் இக்தியோசார் உண்டு. 1879ல் லைடெக்கர் அதற்கு இக்தியோசாரஸ் இண்டிகஸ் என்று பெயர் வைத்தார். கையில் இருந்தது சில முள்ளெலும்புகள் மட்டும். அதை யாராவது படமாக வரைந்தால், தோலையும் துடுப்பையும் ஹோல்ட்ஸ்மாடன் பிராணியிடமிருந்துதான் கடன் வாங்கணும். இரண்டுக்கும் நடுவே சுமார் 8 கோடி ஆண்டுகள்.