ரின்ரியும் ரியோஷினும்: இரு சொற்களின் வரலாறு

ஒருவரை அறவுணர்வு உடையவர் என்று கூற ஜப்பானிய மொழியில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் பழைய வழக்கில் ஓங்கி நின்றவை மனிதர் ஒருவருக்கொருவர் பட்ட கடனைச் சுட்டுபவை. தனிமனிதரின் உள்ளத்தே நின்று தீர்ப்புரைக்கும் ஒன்றைக் குறிக்கும் சொல்லோ பிற்காலத்தில்தான் வலுப்பெற்றது. அது வலுப்பெற்ற வரலாற்றில் ஓர் ஆசிரியரின் வாழ்வே சிதைந்து போனது.

எடோ காலத்து நகர மக்களின் நாவில் பெரிதும் வழங்கிய சொல் 'கிரி'. மலையைக் குறிக்கும் வடசொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. சீன நூலோர் வழக்கில் நேரிய நெறி எனப் பொருள்பட்ட இச்சொல், ஜப்பானிய மண்ணில் ஒருவர் மற்றவருக்கு ஆற்றியே தீரவேண்டிய கடப்பாட்டைக் குறிக்கலாயிற்று. அதற்கு எதிர்நிற்பது 'நின்ஜோ'. மனித இயல்பான பாசமும் ஆசையும் அதனுள் அடங்கும். இவ்விரண்டின் மோதலே சிக்காமட்சு மொன்சாயெமோனின் பொம்மலாட்ட நாடகங்களுக்கு உயிர்நாடி. அமிஜிமாவில் உயிர்துறந்த காதலரைப் பற்றி அவர் எழுதிய நாடகம் 1721ஆம் ஆண்டில் ஒசாகாவில் அரங்கேறியது. அதில் ஜிஹேய் என்னும் காகித வணிகன் கொஹாரு என்னும் கணிகையிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். அவன் உயிரைக் காக்க வேண்டி மனைவி ஒசான் கொஹாருவுக்கு மறைவாகக் கடிதம் எழுத, அவள் காதலைக் கைவிட்டவள்போல் நடிக்கிறாள். ஆனால் கொஹாரு உயிர்விடத் துணிந்துவிட்டாள் என்பதை உணர்ந்த கணமே ஒசான் பதறுகிறாள். பெண்ணுக்குப் பெண் பட்ட கிரி அது. தன் சேமிப்பையும், அடகு வைக்க ஆடைகளையும் எடுத்துத் தந்து, அவளை மீட்டு வருமாறு கணவனையே ஏவுகிறாள். கிரியை வறண்ட சமூகக் கட்டாயம் என்று பொருளெழுதுவோர் இக்காட்சியை மறந்துவிட்டனர் போலும்! காதலர் நாளன்று பெண்கள் அலுவலக ஆடவருக்கு மரியாதைக்காகத் தரும் சாக்கலேட்டுக்கும் பிற்காலத்தில் 'கிரி சாக்கலேட்' என்றே பெயர் வந்தது. சொற்கள் தேய்வதும் உண்டு.

1868ஆம் ஆண்டின் மெய்ஜி மாற்றத்துக்குப் பின் மேலை நூல்கள் வெள்ளமெனப் புகுந்தன. அவற்றின் கருத்துகளுக்குச் சொற்கள் தேடவேண்டியிருந்தது. இனோவே டெட்சுஜிரோவும் துணைவர்களும் 1881ஆம் ஆண்டில் வெளியிட்ட மெய்யியற் சொல்லகராதி, அறவியலுக்கு 'ரின்ரி' என்னும் சொல்லை அடிப்படையாக்கியது. 'ரின்' மனிதரிடையே அமைந்த முறைமை. 'ரி' அதனுள் ஓடும் நியதி. கவிஞர்கள் மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. இச்சொல்லுக்கு இனோவே காட்டிய பழஞ்சான்றுகளுள் ஒன்று, சீனச் சடங்கு நூலில் இசையைப் பற்றிப் பேசும் இயலில் உள்ளது.

உள்ளத்தின் சான்றுக்கு வாய்த்த சொல் 'ரியோஷின்', அதாவது நல்லுள்ளம். இது மென்சியஸின் நூலில் ஓர் உவமையோடு வருகிறது. எருது மலையின் மரங்களைக் கோடரிகள் வீழ்த்தின. எஞ்சிய துளிர்களை ஆடுமாடுகள் மேய்ந்தன. மொட்டையாய் நின்ற மலையைக் கண்டோர், அங்கே மரமே இருந்ததில்லை என எண்ணினர். மனிதனின் நல்லுள்ளமும் நாள்தோறும் இவ்வாறே வெட்டுண்கிறது என்பது அவர் கருத்து. மேலை நாட்டார் கூறும் மனச்சான்றைக் குறிக்க மெய்ஜி காலத்தார் இச்சொல்லையே கைக்கொண்டனர்.

1890 அக்டோபர் 30ஆம் நாள் பேரரசரின் கல்வி ஆணை பிறந்தது. அரசரிடம் விசுவாசமும் பெற்றோரிடம் பக்தியும் கல்வியின் ஊற்று என்றது அது. 1891 ஜனவரி 9ஆம் நாள், டோக்கியோவின் முதலாம் உயர் நடுநிலைப் பள்ளியில், பேரரசர் கையொப்பமிட்ட படியின் முன் ஆசிரியரும் மாணவரும் முறையே சென்று தாழ வணங்கினர். உச்சிமுரா கன்சோ என்னும் கிறித்துவ ஆசிரியரின் முறை வந்தது. தயங்கினார், தலையைச் சற்றே அசைத்தார், முழுதும் வளையவில்லை. மரியாதை செலுத்த அவர் மறுக்கவில்லை. வழிபாடு செலுத்தத்தான் அவரது ரியோஷின் இசையவில்லை. இந்நுண்ணிய வேற்றுமையைக் கேட்க எவருக்கும் பொறுமையில்லை. மாணவர் கொதித்தனர், ஏடுகள் துரோகி என்றன. இவ்வணக்கம் வழிபாடன்று என்று விளக்கம் பெற்றபின் வணங்க அவர் இசைந்தும், நோய்ப்படுக்கையில் கிடந்தமையால் சக ஆசிரியர் ஒருவர் அவருக்காகச் சென்று வணங்கினார். அதுவும் பயன்படவில்லை. பதவி போயிற்று, ஏப்ரலில் மனைவி கஸுகோவும் மறைந்தார்.

ரின்ரி என்னும் கலைச்சொல்லை வகுத்த இனோவே இங்கே எதிரணியில் தோன்றுகிறார். அவ்வாண்டே கல்வி ஆணைக்கு விளக்கவுரை எழுதிய அவர், 1893ஆம் ஆண்டில் கிறித்துவம் அவ்வாணையோடு பொருந்தாது என்று வாதிட்டு, உச்சிமுராவின் செயலைச் சான்றாகக் காட்டினார். இதனால் அவரைச் சிறுமதியர் என ஒதுக்குவது முறையன்று. மனிதரிடையேயான முறைமையே அறம் என்று கொண்டவருக்கு, அம்முறைமையின் உச்சியில் பேரரசர் நிற்பது இயல்பாகவே தோன்றியிருக்கும். எனினும் அந்த முறைமை அவரையும் விட்டுவைக்கவில்லை. 1925ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூல், அரச மரபின் திருச்சின்னங்களைப் பற்றிக் கூறிய செய்திக்காகப் பேரரசரை அவமதித்ததென்று தூற்றப்பட்டது. 1926ஆம் ஆண்டில் அவரும் பதவி துறந்தார், நூல் தடைசெய்யப்பட்டது.

போரில் ஜப்பான் தோற்றபின், 1945 டிசம்பர் 31ஆம் நாள் நேச நாட்டு ஆட்சியினர், 'ஷூஷின்' என்னும் ஒழுக்கப் பாடத்தைப் பள்ளிகளில் நிறுத்த ஆணையிட்டனர். 1947 மே 3ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு, சிந்தனை உரிமையோடு ரியோஷினின் உரிமையையும் மீறலாகாது என்றது. மென்சியஸின் மலையில் முளைத்த சொல் சட்டத்தில் ஏறிற்று. 1948 ஜூனில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கல்வி ஆணையை விலக்கின.

வழக்கு அத்துடன் முடியவில்லை. பள்ளி விழாக்களில் நாட்டுப்பண் ஒலிக்கையில் எழுந்து நிற்க மறுத்த ஆசிரியர்கள் இப்பிரிவை நாடினர். 2011 மே 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம், நிற்கச் சொல்லும் ஆணை அவ்வுரிமையை மறைமுகமாகக் கட்டுப்படுத்துகிறது என்று ஒப்பியும், அது அரசியலமைப்புக்கு முரணன்று என்றே தீர்ப்பளித்தது. 2012 ஜனவரியில், கண்டனத்தினும் கடுமையான தண்டனை விதிக்கையில் எச்சரிக்கை வேண்டும் என்றும் அது உரைத்தது.