மிலான் பேராலயமும் அதன் சலவைக்கல்லும்

பழைய ஆலயங்களைப் பேணுவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இத்தாலி நாட்டு மிலான் பேராலயமே நம் நினைவுக்கு வருகிறது. தேவமாதாவின் பிறப்புக்கு நேர்ந்தளிக்கப்பட்ட இவ்வாலயத்தை 1386-இல் கட்டத் தொடங்கினர். மறு ஆண்டே நகரப் பிரபு ஜான் கலெயாட்ஸோ விஸ்கோந்தி, காந்தோலியா மலையின் கற்சுரங்கத்தைத் திருப்பணிக்கென்று அளித்தார். இளஞ்சிவப்புச் சாயலுள்ள அக்கல் ஏரி, ஆறு, கால்வாய் வழியே படகேறி வந்தது, சுங்கமும் கிடையாது.

மலையில் யுகயுகமாய்க் கெடாத கல் நகரத்தில் கெட்டது ஏன்? ஆலைப் புகையிலும் வண்டிப் புகையிலும் உள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. அது பட்ட சலவைக்கல் ஜிப்சமாக மாறுகிறது. மழை படும் இடத்தில் ஜிப்சம் கரைந்தோட, சிலைகளின் முகம் மழுங்குகிறது. மழை படாத மடிப்புகளிலோ அது புகைக்கரியைப் பிடித்துக்கொண்டு கறுத்த பொருக்காய் உறைகிறது. மேலே கறுப்பு, உள்ளே மாவு! ஆசிட் ஊற்றித் தேய்த்தால் (நம் வீடுகளிலும் தரைக்கு இவ்வழக்கம் உண்டு) அழுக்கோடு கல்லும் அல்லவா கரைந்து போகும்? நீரைப் பனிபோல் தூவியும், ஈரக்கூழைப் பற்றுப் போட்டும் பொறுமையாக இளக்குவதே முறை.

உளுத்த கல்லை மட்டும் எடுத்துவிட்டு, அதே காந்தோலியாக் கல்லில் புதிது செதுக்கிப் பொருத்துகிறார்கள். 1387-இல் அமைந்த திருப்பணிச் சபையே இன்றும் இதை நடத்துகிறது. சுரங்கத்தை அவர்கள் இத்தனை நூற்றாண்டுகளாகக் கைவிடாததையே நாம் பெரிதும் மெச்சுகிறோம். முடிவில்லா வேலையைப் பேராலயத் திருப்பணிக்கு ஒப்பிட்டு மிலான் மக்கள் கேலி பேசுவதுண்டு. கழற்றிய பழஞ்சிலைகள் பல, பேராலய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.